ஊசியும் நூலும் வளர்த்த உறவுகள்

மனத்திலுள்ள துயரத்தைப் பிறரிடம் எடுத்துரைப்பது எளிதான காரியமன்று. எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கியவண்ணம் சொல்லத் தொடங்கினால், பாதி வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும். ஆனால், கைகளுக்கு ஒரு வேலையைக் கொடுத்து, கண்களை அவ்வேலையிலே பதித்துக்கொண்டால் நா தானாகவே அவிழ்ந்துவிடுகின்றது. பாய் இழைக்கும் திண்ணையிலும், பூத்தொடுக்கும் மடத்திலும், கிடுகு பின்னும் முற்றத்திலும் நம் முன்னோர் பேசி ஆற்றிக்கொண்ட கவலைகள் எத்தனையோ! வேலை முடியும்பொழுது பாயும் மிஞ்சியது. மனப்பாரமும் சிறிது குறைந்தது.

இந்த உண்மையை ஆதாரமாகக் கொண்டு ஆங்கில மொழியிலே ஒரு தனிக் கதை மரபே வளர்ந்திருக்கின்றது. பின்னலோ தையலோ ஏதேனும் ஒரு கைப்பணியின் பொருட்டுச் சிலர் ஓரிடத்திற் கூடுகின்றனர். அவர்கள் ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர். சில வேளைகளில் ஒருவரையொருவர் வெறுப்பவருங்கூட. மாதங்கள் செல்கின்றன. நூலோடு நூல் சேர்வது போல அவர்களுடைய வாழ்வும் ஒன்றோடொன்று பிணைகின்றது. இத்தகைய கதைகளைப் பற்றியே இன்று வாசகர்களோடு சிறிது அளவளாவ விரும்புகின்றோம்.

'இவை பெண்கள் பொழுதுபோக்கிற்காகப் படிக்கும் மென்மையான கதைகள். இவற்றிலே ஆராய என்ன இருக்கின்றது?' எனக் கேட்பார் உளர். படித்த பெருமக்களிற் பலர் இவற்றை ஒரு புன்சிரிப்போடு ஒதுக்கிவிடுவதும் உண்டு. அவ்வாறு ஒதுக்குதல் நியாயமா என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும். சில கதைகளை அவர்கள் முன் வைப்பதே நம் பணி.

மெழுகுதிரியைச் சேமித்த மாது

முதலில் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் எழுந்த ஒரு நூல். எலிசபெத் காஸ்கல் என்னும் அம்மையார் எழுதிய 'கிரான்போர்ட்' என்பது அதன் பெயர். சார்ள்ஸ் டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையிலே 1851ஆம் ஆண்டு முதல் 1853ஆம் ஆண்டு வரை விட்டுவிட்டு வெளிவந்து, பின் நூலுருப் பெற்றது. கைக்குழந்தையாக இருக்கையிலே தாயை இழந்த காஸ்கல் அம்மையார், நட்ஸ்போர்ட் என்னும் சிற்றூரிலே தம் தாயின் சகோதரி ஒருவரின் அரவணைப்பில் வளர்ந்தவர். அவ்வூரே கதையிலே கிரான்போர்ட் எனப் பெயர் மாறி நிற்கின்றது.

மேல்வகுப்பு மாணவர்க்கு இந்நூலை அறிமுகஞ் செய்த ஒவ்வோராண்டும், பின்வாங்கிலிருந்து ஒரு குரல், "சேர், இதிலே கதை எங்கே இருக்கிறது?" என்று கேட்கத் தவறியதில்லை. கேள்வி நியாயமானதே. போரில்லை; சூழ்ச்சியில்லை; பெரியதோர் காதற் களியாட்டமும் இல்லை. வருவாய் குறைந்த, வயது முதிர்ந்த சில சீமாட்டிகள் தேநீர் அருந்துகின்றனர், சீட்டாடுகின்றனர், பின்னல் பின்னுகின்றனர். அவர்களுள் ஒருவர் மிஸ் மற்றி. மெழுகுதிரியைச் சேமிக்க வேண்டும் என்பது அவருடைய விரதம். மாரிக்காலத்து மாலை வேளைகளில், கணப்பு நெருப்பின் வெளிச்சத்திலேயே இரண்டு மூன்று மணி நேரம் பின்னிக்கொண்டிருப்பார். விதவிதமான நுண்பின்னல்களிலே காலுறைப் பட்டிகள் பின்னுவதும், வண்ணத்தாளை இறகுபோற் கத்தரித்து விளக்கேற்றும் சுருள்கள் செய்வதுமே அவர் கைவந்த கலைகள்.

அத்தகைய மிஸ் மற்றியின் தலையிலே இடி விழுகின்றது. அவருடைய பணமெல்லாம் இட்டு வைத்திருந்த வங்கி முறிந்து போகின்றது. செய்தி வந்த அன்று அவர் கடையொன்றிலே பட்டுத்துணி வாங்க நிற்கின்றார். அங்கே ஒரு குடியானவன் சால்வை வாங்குவதற்காக நீட்டிய ஐந்து பவுண் நோட்டை, அந்த வங்கியின் நோட்டு என்று கடைக்காரன் ஏற்க மறுக்கின்றான். வங்கியிலே தமக்கும் பங்கு உண்டாதலால், அந்த ஏழை ஏமாறத் தாம் காரணமாகக் கூடாது என எண்ணிய மிஸ் மற்றி, தம் பையிலிருந்த ஐந்து பொற்காசுகளையும் அவனிடங் கொடுத்துப் பயனற்ற நோட்டைத் தாம் வாங்கிக்கொள்கின்றார். பட்டுத்துணி வாங்காமலே வீடு திரும்புகின்றார்.

இனித்தான் கதையின் உயிர்நிலை. அவருடைய தோழியர் இரகசியமாகக் கூடுகின்றனர். ஆண்டுதோறும் தம்மாலியன்ற தொகையை மிஸ் மற்றிக்கு உதவுவதெனத் தீர்மானித்து, அவரவர் தொகையைத் தாளில் எழுதி முத்திரையிட்டுக் கொடுக்கின்றனர். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது தோழியருக்குள்ளேயே தெரியக்கூடாது. உதவி வந்த வழி மிஸ் மற்றிக்குத் தெரியவே கூடாது. அவர்களுள் ஓர் அம்மையாருடைய ஆண்டு வருவாய் முழுவதுமே நூறு பவுணுக்குக் குறைவு. அதிலே இருபதில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு, 'இவ்வளவு அற்பமாகக் கொடுக்க நேர்ந்ததே' என்று அவர் நாணுகின்றார். வீட்டுப் பணிப்பெண்ணோ, சம்பளமின்றியும் எசமாட்டியைப் பிரியேன் என்று நின்றுவிடுகின்றாள்.

பின்னர் மிஸ் மற்றி தேயிலை விற்கத் தொடங்குகின்றார். தொடங்குமுன், ஊரிலே ஏற்கெனவே தேயிலை விற்கும் கடைக்காரரிடஞ் சென்று, தம் வியாபாரம் அவருக்கு நட்டம் விளைக்குமோ என்று கேட்கின்றார். அக்கடைக்காரரோ, நல்ல தேயிலை அந்த அம்மையாரிடமே கிடைக்கும் என்று கூறித் தம்முடைய வாடிக்கையாளரை அவரிடம் அனுப்பிவைக்கின்றார்! 'கதை எங்கே?' எனக் கேட்ட மாணவன் இந்த அத்தியாயத்தை வாசித்த பின் மறுமுறை கேட்பதில்லை.

தையலிலே எழுதிய சாட்சியம்

கைப்பணிக் கதைகள் யாவும் இனிப்பானவை என்று எண்ணிவிடலாகாது. 1900ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் அயோவா மாநிலத்திற் குடியானவர் ஒருவர் கொலையுண்டார். அவருடைய மனைவி மீது குற்றஞ் சாட்டப்பட்டது. அவ்வழக்கைப் பத்திரிகை நிருபராகக் கவனித்து எழுதியவர் சூசன் கிளாஸ்பெல் என்ற இளம் பெண். பல ஆண்டுகள் அவர் மனத்தை உறுத்திய அந்நிகழ்ச்சி, 1916இல் ஒரு நாடகமாகவும், 1917இல் ஒரு சிறுகதையாகவும் உருப்பெற்றது.

கதையிலே குற்றஞ் சாட்டப்பட்டவள் சிறையில் இருக்கின்றாள். நாம் அவளைக் காண்பதே இல்லை. அதிகாரிகள் தடயந் தேடி அவள் வீட்டிற்கு வருகின்றனர். உடன்வந்த இரு பெண்கள், சிறையிலிருப்பவளுக்கு வேண்டிய உடை முதலியவற்றை எடுத்துச் செல்லும் பொருட்டு அடுக்களையிலே நிற்கின்றனர். அவள் தைத்துக்கொண்டிருந்த ஒட்டுப் போர்வையின் துண்டுகள் அங்கே கிடக்கின்றன. பழந்துணித் துண்டுகளைக் கோலம்போல இணைத்துத் தைத்து, அடியிலே பஞ்சும் மறுதுணியும் வைத்து மூட்டும் போர்வையே இது. அந்நாட்டுக் கிராம வீடுகளில் இது பெண்களின் தலைமுறைக் கலை. பெண்கள் அத்துண்டுகளைப் பார்த்துப் பேசுவதைக் கேட்ட ஆண்கள் நகைத்துவிட்டு, 'பெரிய' தடயங்களைத் தேடி மாடிக்குப் போகின்றனர்.

தையலறிந்த பெண்களின் கண்களோ வேறொன்றைக் காண்கின்றன. எல்லாத் துண்டுகளிலும் சீராக ஓடிய தையல், ஒரே ஒரு துண்டில் மட்டும் கோணலும் மாணலுமாகச் சிதறியிருக்கின்றது. தைத்தவளுடைய மனம் எந்நேரத்திலே சிதறியது என்பதை அத்துணி சொல்லிவிடுகின்றது. தையற் கூடையிலே, பட்டுத்துணியிற் சுற்றி, கழுத்து முறிந்த ஒரு பாட்டுக்குருவி. அவளுடைய தனிமைக்கு ஒரே துணையாயிருந்த உயிரை முறித்தவர் யார், பின் நடந்தது என்ன என்பன யாவும் அவ்விருவருக்கும் விளங்குகின்றன. மாடியிலே ஆண்கள் தேடும் தடயம் இவர்கள் கையிலே இருக்கின்றது. அவர்கள் அதைச் சொல்லவில்லை.

அதனினும் நெஞ்சைச் சுடுவது, அயல்வீட்டுக்காரியான பெண் தன்னைத்தான் நொந்துகொள்ளும் இடம். அந்தத் தனித்த வீட்டிற்குத் தான் வந்து பார்க்காமல் ஆண்டுக்கணக்கிலே இருந்துவிட்டதும் ஒரு குற்றமன்றோ, அதை யார் தண்டிப்பார் என்று அவள் கலங்குகின்றாள். நட்பின் பெருமையை நட்பு இல்லாமையைக் கொண்டே காட்டும் கதை இது. ஊரார் நால்வர் கூடித் தைத்திருந்தால் அந்தத் துண்டு கோணியிராது என்ற எண்ணம் வாசிப்பவர் மனத்திலே தானாக எழுகின்றது.

கிழிந்த திரைச்சீலை

அலிஸ் வாக்கர் என்னும் கறுப்பின எழுத்தாளர் 1982இல் வெளியிட்டு, அடுத்த ஆண்டிலே புலிற்சர் பரிசு பெற்ற 'ஊதா நிறம்' என்னும் நாவலில் வேறொரு காட்சி உண்டு. சீலி என்பவள் சிறுவயது முதல் அடியும் உதையுமே கண்டவள். அவளுடைய கணவனின் மூத்த தாரத்து மகன் ஹார்ப்போ, தன் மனைவி சோபியா தனக்கு அடங்குவதில்லையே, என்ன செய்வது என்று அவளிடங் கேட்கின்றான். 'அடி' என்று சொல்லிவிடுகின்றாள் சீலி. பிறர்க்கு அஞ்சாமல் நிமிர்ந்து நிற்கும் சோபியாவைக் கண்டு அவளுக்குள்ளே மூண்ட பொறாமையே அதற்குக் காரணம்.

விஷயம் சோபியாவுக்குத் தெரிகின்றது. முன்பு சீலி கொடுத்திருந்த திரைச்சீலைகளையும் நூலையும் திருப்பிக் கொடுத்துவிட்டு நேருக்கு நேர் நியாயங் கேட்கின்றாள். சீலி பொய் சொல்லவில்லை. தன் பொறாமையை ஒப்புக்கொள்கின்றாள். இருவரும் நெடுநேரம் பேசுகின்றனர்; தாங்கள் பட்ட பாடுகளைச் சொல்கின்றனர்; ஈற்றிலே சிரித்தும் விடுகின்றனர். பாழாய்ப்போன அந்தத் திரைச்சீலைகளை வெட்டி ஒட்டுப் போர்வை தைக்கலாம் என்று யோசனை கூறுபவள் சோபியாவே. சகோதரியின் தேர்வு என்னும் பெயருடைய ஒரு கோலத்தில் அப்போர்வை உருவாகின்றது. சண்டையிலே சீரழிந்த துணி சமாதானத்தின் துணியாகின்றது. மன்னிப்பு என்ற பெரிய சொல்லை ஆசிரியர் அங்கே வலியுறுத்தவில்லை. ஊசியும் நூலும் எடுத்து இருவரும் பக்கத்திலே பக்கத்திலே உட்கார்ந்தது போதுமானதாகிவிட்டது.

தையல் பெண்களுக்கே உரியது என நினைப்பவர்கள் இந்நாவலின் இறுதிப் பகுதியைப் படித்தல் வேண்டும். சீலியை ஆண்டுக்கணக்காகக் கொடுமைப்படுத்திய கணவன், முதுமையிலே மனந்திருந்தி, அவள் பக்கத்திலே திண்ணையில் அமர்ந்து தானும் துணி தைக்கின்றான். சிறு பிராயத்திலே தாயோடு சேர்ந்து தைக்க ஆசைப்பட்டதையும், எல்லோரும் நகைத்ததனால் விட்டுவிட்டதையும் அவன் அப்பொழுது சொல்கின்றான். அவனை ஒரு மனிதனாக அவள் முதன்முறை அறிந்துகொள்வது அந்தத் தையல் வேளையிலேதான்.

சியாற்றிலிலும் நியூயோர்க்கிலும்

இனி, அண்மைக்கால நாவல்கள். 2004இல் வெளிவந்த 'புளொசம் வீதிக் கடை' என்னும் நாவலை எழுதியவர் டெபி மக்கோம்பர். சிறுவயதிலே எழுத்துக்களைக் கற்க மிகவும் இடர்ப்பட்டு, பின்னர் உலகெங்கும் வாசகரைப் பெற்ற இவ்வம்மையார் தாமும் பின்னலில் ஈடுபாடு உடையவர். கதாநாயகி லிடியா, இளமையிலேயே இருமுறை புற்றுநோயால் வாடி எழுந்தவள். நோய்ப்படுக்கையிலே அவளுக்கு ஆறுதல் அளித்தது பின்னற்கலை. எனவே, சியாற்றில் நகரிலே கம்பளி நூல் விற்கும் கடையொன்றைத் திறந்து, குழந்தைப் போர்வை பின்னும் வகுப்பையும் தொடங்குகின்றாள்.

வகுப்பிற்கு வந்தவர் மூவர். மருமகள் தம் குடும்பத்தின் அந்தஸ்துக்கு ஏற்றவளல்லள் என வெறுக்கும் செல்வச் சீமாட்டி ஒருத்தி. ஊருக்காகவேனும் பேரக்குழந்தைக்கு ஒரு போர்வை பின்னவேண்டுமே என்று வருகின்றாள். மகப்பேற்றுக்காக மருத்துவரிடம் அலைந்து, இறுதி முயற்சியில் நம்பிக்கை வைத்திருக்கும் பெண் ஒருத்தி. நீதிமன்றம் விதித்த சமூக சேவையைக் கழிப்பதற்காக வேண்டாவெறுப்பாக வரும், முரட்டுத் தோற்றமுடைய இளம்பெண் ஒருத்தி. சீமாட்டிக்கும் இந்த இளம்பெண்ணுக்கும் முதல் நாளே முட்டிக்கொள்கின்றது. அவ்விருவரும் எவ்வாறு ஒருவருக்கொருவர் துணையாகின்றனர், பிள்ளைக்கு ஏங்கியவளின் மடியிலே ஒரு குழந்தை எவ்வழியாக வந்து சேர்கின்றது என்பவற்றை நூலிலே கண்டுகொள்க.

2007இல் கேற் ஜேக்கப்ஸ் எழுதிய 'வெள்ளிக்கிழமை இரவுப் பின்னற் கழகம்' என்பது மற்றொன்று. நியூயோர்க் நகரிலே தனியொருத்தியாக மகளை வளர்க்கும் ஜோர்ஜியா என்பவள் நூற்கடை நடத்துகின்றாள். வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கே பெண்கள் கூடுகின்றனர். பன்னிரண்டு வயது மகள் தின்பண்டஞ் சுட்டு எல்லோருக்கும் பரிமாறுகின்றாள். இக்கழகத்திற்கு டார்வின் என்ற பெயருடைய ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வருகின்றாள். பின்னுவதற்காக அன்று, பின்னல் போன்ற பழைய வேலைகள் பெண்களை முன்னேறவிடாமற் பிணிக்கும் விலங்குகள் என்று நிறுவுவதற்குச் சான்று தேடியே வருகின்றாள்!

அவளுடைய வாதம் எளிதிலே தள்ளிவிடக்கூடியதன்று. 'பெண்ணுக்குக் கல்வி எதற்கு, ஊசி போதாதா?' என்று கூறிய உலகம் இது. ஊசியைக் கையிலே திணித்துப் புத்தகத்தைப் பறித்த காலம் எங்கும் இருந்தது, நம்மிடையேயும் இருந்தது. ஆசிரியர் அவ்வாதத்தை மறுத்துச் சொற்பொழிவு செய்யவில்லை. டார்வின் அங்கேயே வந்துபோகின்றாள். கழகத்தவரின் உழைப்பையும் துயரையும் காண்கின்றாள். நட்பின் அருமையை அங்கேதான் அறிகின்றாள். பிறர் கட்டளைக்காகச் செய்யும் தையலும், தானே விரும்பி நண்பரோடு செய்யும் தையலும் ஒன்றல்ல என்பது அவளுக்கும் நமக்கும் விளங்குகின்றது.

இந்நாவலின் முடிவு பல வாசகரைக் கண்ணீர் சிந்த வைத்தது. எல்லோரையும் சேர்த்துவைத்த ஜோர்ஜியாவே புற்றுநோய்க்கு இரையாகின்றாள். கழகம் கலைந்துவிடவில்லை. தாயிழந்த சிறுமியைத் தாங்குவதற்கு அங்கே பல கைகள் இருக்கின்றன. தாய் தேடிவைத்த சொத்துக்களுள் அந்தக் கைகளே பெரியவை.

மாட்டுவதற்கா, போர்த்துவதற்கா?

மாணவர் விவாதிப்பதற்கேற்ற கேள்வியொன்றை அலிஸ் வாக்கரின் மற்றொரு கதை எழுப்புகின்றது. 1973இல் வெளியான அச்சிறுகதையிலே ஒரு தாய்க்கு இரு பெண்கள். மூத்தவள் நகரிலே படித்து நாகரிகம் பெற்றவள். இளையவள் தீக்காயத் தழும்புகளோடு வீட்டிலே ஒதுங்கி வாழ்பவள். பாட்டி தைத்த இரண்டு போர்வைகள் பெட்டியில் இருக்கின்றன. பாட்டியின் பழைய உடுப்புகளிலிருந்தும், உள்நாட்டுப் போரிலே முப்பாட்டன் அணிந்த சீருடையிலிருந்தும் வெட்டிய துண்டுகள் அவற்றில் உள்ளன.

மூத்தவள் அவற்றைக் கேட்கின்றாள். சுவரிலே மாட்டிப் பாதுகாப்பாளாம். இளையவளுக்குக் கொடுத்தால் நாளாந்தம் போர்த்துக் கந்தையாக்கிவிடுவாளே என்று பதறுகின்றாள். இளையவளோ, பாட்டியை நினைக்கத் தனக்குப் போர்வை வேண்டியதில்லை, அக்காவே எடுத்துக்கொள்ளட்டும் என்கின்றாள். தாய் அப்போர்வைகளைப் பறித்து இளையவளின் மடியிலே போடுகின்றாள். ஏன்? கிழிந்தால் மறுபடி தைக்க அவளுக்குத் தெரியும். பாட்டியிடம் இருந்து தையலைக் கற்றவள் அவளே. மூத்தவளிடம் போர்வை மட்டும் போயிருக்கும். இளையவளிடம் போர்வையும் இருக்கின்றது, அதை உண்டாக்கும் கையும் இருக்கின்றது. மரபைக் காப்பது என்றால் என்ன என்பதற்கு இதனினும் தெளிவான விடையை நாம் கண்டதில்லை.

கதையன்று, நடந்தது

இவையெல்லாம் கற்பனை, உலகத்திலே இப்படி நடக்குமா என்று ஐயுறுவோர்க்கு ஓர் உண்மை வரலாற்றையும் சொல்லவேண்டும். அலபாமா ஆற்றின் வளைவொன்றிலே கீஸ் பெண்ட் என்னும் குக்கிராமம் இருக்கின்றது. அங்கே வாழ்பவர்களிற் பெரும்பாலோர், முன்னாளிலே பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழித்தோன்றல்கள். குளிர் மிகுந்த மரவீடுகளில் பிள்ளைகளைக் காப்பதற்கு, உழைத்துத் தேய்ந்த துணிகளைக் கொண்டு அவ்வூர்ப் பெண்கள் போர்வை தைத்தனர். 1942இல் மிசூரி பெற்வே என்னும் பெண், இறந்த தன் கணவனின் வேலை உடுப்புகளையே வெட்டி, மகளின் துணையோடு ஒரு போர்வை தைத்தார். அவன் நினைவு அவளைப் போர்த்தியிருக்க வேண்டும் என்பது அவள் விருப்பம். அப்போர்வை இன்று வாஷிங்டன் நகரின் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது.

1960களிலே வாக்குரிமை கேட்டு அவ்வூரார் எழுந்தபொழுது, 1962இல் ஆற்றைக் கடக்கும் பாதைச்சேவை நிறுத்தப்பட்டது. அருகேயிருந்த பட்டினத்திற்குத் தரைவழியே நெடுந்தூரஞ் சுற்றிப் போகவேண்டியதாயிற்று. அச்சேவை மீண்டும் வந்தது 2006இலேதான். வாக்காளராகப் பதிந்த குற்றத்திற்காகப் பலர் வேலையையும் குடியிருப்பையும் இழந்தனர். அந்நிலையிலே 1966இல் அப்பகுதிப் பெண்கள் கூட்டுறவுச் சங்கமொன்றை நிறுவித் தங்கள் போர்வைகளை விற்றனர். ஊரிலே கூலி மறுக்கப்பட்டவர்க்கு ஊசி கூலி கொடுத்தது. 2002இல் கீஸ் பெண்ட் போர்வைகள் ஹூஸ்ரன் நகரிலும் நியூயோர்க்கிலும் பெருங் கலைக்கூடங்களிற் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006இல் அவை அமெரிக்காவின் தபால் முத்திரைகளிலும் இடம்பெற்றன.

ஆயினும் ஒன்று கூறவேண்டும். வறுமை தைத்த போர்வையைப் பார்த்து 'ஆகா, என்ன அழகு!' என்பதோடு நின்றுவிடுதல் தகாது. பொழுதுபோக்காகத் தைப்பவளுக்கும், குளிருக்கு அஞ்சித் தைப்பவளுக்கும் உள்ள தூரம் சிறிதன்று. இருவர்க்கும் பொதுவானது, பக்கத்திலே இன்னொருத்தி இருந்து நூல் கோத்துக் கொடுக்கும் ஆறுதலே.

நல்ல கதையை அறிவது எப்படி?

இவ்வகைக் கதைகள் இப்பொழுது மிகுந்துவிட்டன. எல்லாம் நல்லவை என நாம் சொல்லவில்லை. நூற்கடையொன்று, பூனையொன்று, பலகாரத் தட்டொன்று, இறுதியில் ஒரு கலியாணம் என்று அச்சிலே வார்த்தாற்போல எழுதப்படுவனவும் உள. பொன்னையும் பித்தளையையும் வேறு பிரிப்பதற்கு இரண்டு உரைகல்லை வாசகர்க்குக் கூறுவோம்.

முதலாவது, கதையிலே அந்தக் கைப்பணி உண்மையாக இருக்கின்றதா என்று பார்க்கவேண்டும். கிளாஸ்பெல்லின் கதையிலிருந்து தையலை நீக்கிவிட்டால் கதையே இல்லை. அலங்காரத்திற்காக மட்டும் ஊசியும் நூலும் வைத்திருக்கும் கதையிலோ, அவற்றை எடுத்துவிட்டுச் சீட்டுக்கட்டை வைத்தாலும் ஒன்றுங் கெடாது. பின்னலைப் பழகியோர்க்குத் தெரியும்: பிழைபட்ட வரிசையை அவிழ்த்து மீண்டும் பின்னலாம், ஆனால் அவிழ்க்கும் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை கதைமாந்தரின் வாழ்விலும் தென்பட வேண்டும்.

இரண்டாவது, நட்புக்கு யாரேனும் விலை கொடுக்கின்றார்களா என்று பார்க்கவேண்டும். கிரான்போர்ட் மாதர் தங்கள் சிறு வருவாயிலே குறைத்துக்கொண்டனர். சீலி தன் பொறாமையை வாய்விட்டு ஒப்புக்கொண்டாள். சீமாட்டி தன் பெருமிதத்தை விட்டுக்கொடுத்தாள். ஒருவரும் ஒன்றும் இழக்காமலே எல்லோரும் ஒன்றுகூடிவிடும் கதை, வாசித்து முடித்த மறுநாளே மறந்துபோம்.

நம் முற்றங்களிலும்

இத்தனையும் வாசித்தபின் நம் மனம் நம் ஊரை நாடாமல் இருக்குமா? சார்வோலையை வெட்டிக் காயவைத்து, வார்ந்து, சாயந் தோய்த்துப் பெட்டியும் பாயும் சுளகும் நீத்துப்பெட்டியும் இழைத்த கைகள் நம்மிடையே பல. 'ஆச்சி, இந்த மூலையை எப்படி மடக்கிறது?' என்று பேத்தி கேட்பாள். ஆச்சி ஓலையை வாங்கி மடக்கிக் காட்டுவதற்குள் ஒரு பழங்கதை பாதி சொல்லப்பட்டுவிடும். அடுத்த வீட்டு மாமியோடு மூன்று மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அம்மா, ஓலை போதாமையினால் வேலிக்கு மேலாகக் குரல் கொடுப்பார். கோபம் அங்கே முடிந்துவிடும். ஓலைத் தொழில் பலருக்குப் பிழைப்பு. அதன் கூலி உழைப்புக்கு ஏற்றதாக இருந்ததில்லை என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. அந்தக் கூலியும், அந்தப் பேச்சும், அந்தக் கோபமும், அந்தச் சமாதானமும் எல்லாம் சேர்ந்ததே கதை.

எழுத்தார்வமுள்ள மாணவ மாணவியர்க்கு நாம் கூறும் வார்த்தை ஒன்றே. சியாற்றில் நகரத்து நூற்கடையைத் தமிழிலே படியெடுத்து எழுத முயலவேண்டாம். உங்கள் வீட்டிலோ அயலிலோ கைவேலை தெரிந்த முதியவர் ஒருவரேனும் இருப்பார். ஒரு விடுமுறை நாளிலே அவர் பக்கத்திற் சென்று அமருங்கள். எழுதுகோலை எடுக்குமுன் ஓலையையோ நூலையோ கையிலே எடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். முதற்பெட்டி கோணலாகத்தான் வரும். அவர் சிரிப்பார், அவிழ்த்து மறுபடி தொடங்கச் சொல்வார். கேள்வி கேட்டு அவர் வாயைக் கிளற வேண்டியதில்லை. கைகள் இரண்டும் வேலையிலே இருக்கும்பொழுது, அவர் எவருக்குஞ் சொல்லாத கதையை உங்களுக்குத் தாமாகவே சொல்லத் தொடங்குவார்.